‘நாங்கள்’ என்று சொல்லி ஏபிசியில் கோட்டை விட்ட கதை

லண்டனில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி அமைப்பின், சொத்துப் பிரிவில் வேலை செய்கிறேன். சர்வேயர் என்றதும், நான் வெயிலில் சங்கிலி பிடித்து நிலம் அளப்பதாகத்தான் ஊரில் அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே மதிப்பீடு, குத்தகை, வாடகைப் பேரம் எல்லாமே சர்வேயர் வேலைதான். பட்டய சர்வேயர் ஆக, ஆர்ஐசிஎஸ் (RICS) என்ற சர்வேயர்களின் தொழில் அமைப்பு நடத்தும் ஏபிசி (APC) என்ற தகுதி மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும். இரண்டாம் முறைதான் தாண்டினேன்.

சென்னையில் சிவில் படித்துவிட்டு 33 வயதில் இந்தப் பக்கம் வந்தவன் நான். ஆர்ஐசிஎஸ் அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பைப் பகுதிநேரமாக முடித்தேன். எங்கள் பிரிவில் ஒருவர் முன்னாள் பள்ளி ஆசிரியை. இன்னொரு பையன் பள்ளி முடித்த கையோடு அப்ரெண்டிஸாகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் படிக்கிறான். வயதையும் படித்த பாடத்தையும் நினைத்துத் தயங்காதீர்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம். நான் எழுதியபோது 24 மாதப் பயிற்சி, 3,000 சொற்களில் ஒரு கேஸ் ஸ்டடி, கடைசியில் ஒரு மணி நேர நேர்காணல். ஒவ்வொரு திறனுக்கும் மூன்று நிலைகள்: தெரிந்திருப்பது, செய்திருப்பது, காரணம் காட்டி ஆலோசனை சொல்லியிருப்பது. நான் மாட்டிக்கொண்டது மூன்றாவதில்.

என் கேஸ் ஸ்டடி, முதியோர் சங்கம் ஒன்றுக்குச் சமூகக் கூடத்தை 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை, இங்கிலாந்தின் 1972 உள்ளாட்சிச் சட்டம் 123-ஆம் பிரிவின்படி சொத்தைக் கைமாற்றுவதாகவே கணக்கு. நியாயமாகப் பெறக்கூடிய சிறந்த விலையைப் பெற வேண்டும். சமூக நன்மைக்காகக் குறைத்துக் கொடுக்கலாம். குறையும் மதிப்பு 20 லட்சம் பவுண்டைத் தாண்டாவிட்டால் அமைச்சரின் தனி அனுமதி வேண்டாம் என்கிறது 2003-இல் வந்த பொது ஒப்புதல். ஆனால் முதலில் சந்தை வாடகை எவ்வளவு என்று கண்டுபிடித்தால்தானே எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரியும்? அந்தக் கணக்கைப் போட்டது நான்தான். நேர்காணலிலோ “நாங்கள் பார்த்தோம், குழு முடிவெடுத்தது” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ‘நான் நான்’ என்று பேசினால் திமிர் என்று சொல்லி வளர்த்த வீடு! அரசு அலுவலகக் கடிதங்களும் அந்தப் பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கிவிட்டன.

முடிவு, ‘ரெஃபர்ட்’. ஃபெயில் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர்.

அப்புறம் யாழ்ப்பாணத்துச் சக ஊழியர் ஒருவர் மாதிரி நேர்காணல் நடத்தினார். நான் நீட்டி முழக்கியதைக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி அண்ணா, நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்றார். ஆறு வாரம் அதே கேள்விதான். சந்தை வாடகையைக் கணிக்க எந்த ஒப்பீட்டுச் சொத்தை எடுத்தேன், எதைத் தள்ளினேன், ஏன் என்று ஒவ்வொன்றையும் ‘நான்’ போட்டு எழுதிப் பார்த்தேன். நீங்கள் பயிற்சியின் முதல் வாரத்திலேயே இப்படிக் குறிப்பு எழுதத் தொடங்குங்கள். இரண்டு ஆண்டு கழித்து எதுவும் ஞாபகத்தில் இருக்காது.

தனியார் நிறுவனத்து நண்பர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பள்ளிக்கூடத்தைச் சந்தையில் யார் வாங்கி விற்கிறார்கள்? இன்று அதற்கு ஈடானதைக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பார்த்து, தேய்மானத்தைக் கழித்து, நில மதிப்பைக் கூட்டும் முறை கவுன்சிலில் வேலை செய்யும் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்களில் பலர் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

நெறிமுறைக் கேள்வியை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அதில் சறுக்கினால் ரெஃபர்ட்தான். கவுன்சில் கடையின் வாடகைதாரர் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் நீட்டினால் என்ன செய்வீர்கள்? எனக்கு இது நிஜமாகவே நடந்தது. வாடகை மறுஆய்வு நடந்துகொண்டிருந்ததால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, பரிசுப் பதிவேட்டில் எழுதி, மேலாளரிடமும் சொன்னேன். இரண்டாம் முறை இதைத்தான் சொன்னேன், ‘நான்’ போட்டு. மைசூர்பாகு என்பதை மட்டும் சொல்லவில்லை.