ரேவல்சின்னி விதையும் காரமடை வெயிலும்

காரமடைப் பக்கம் ஒரு நர்சரியில் 11 வருசம் நாற்று வேலை பார்த்தேன். தென்னை, பாக்கு, மலைவேம்பு என்று கணக்கில்லாமல் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஆனால் இன்றும் மனசை விட்டுப் போகாதது, ஒரு நாற்றுகூட விற்காத ஒரு செடி.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் அண்ணன் ஒருவர் இங்கிலாந்து போனபோது அதை ஒரு தோட்டத்தில் பார்த்திருக்கிறார். "ஆமணக்குத் தழையாட்டமே இருக்குதுங்க தம்பி. ஆனா ஒரு எலை நம்ம முறத்தைவிடப் பெருசு. அடிப்பக்கம் செக்கச்செவேல்னு இருக்குது. நடுவுல ஆளைத் தாண்டின ஒசரத்துக்குச் செவப்பா பூங்கதிரு" என்று கையை உயர்த்திக் காட்டியவர், ஒரு விதைப் பொட்டலத்தையும் கொடுத்தார். மேலே ரியம் பால்மேட்டம் என்று இருந்தது.

சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1759இல் பெயர் வைத்த காட்டு ருபார்ப் செடி இது. மேற்குச் சீனத்து மலைகளும் திபெத்தின் கிழக்கு ஓரமும் இதன் ஊர். நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று கேட்டால் தருகிறார்களே, அந்த மஞ்சள் வேர் இந்தக் குடும்பத்துச் செடிகளுடையதுதான். நம் சுக்காங்கீரையும் இதற்குப் பங்காளி. சின்ன வயசில் அப்புச்சிக்குப் பேதி மருந்துக்காக ரேவல்சின்னி வாங்கி வந்திருக்கிறேன். அது எங்கே விளைகிறது என்று அன்று யோசித்ததே இல்லை.

விதை பழுப்பு நிறம், காகிதம் மாதிரி மூன்று இறக்கை. ராத்திரி முழுக்க ஊறவைத்து, பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, மார்கழியில் குழித்தட்டில் போட்டேன். இரண்டு வாரத்துக்குள் 40 விதையில் 31 முளைத்தது. முதல் இலைகளில் ஆமணக்கு வெட்டு எதுவும் இல்லை, வட்டமாகத்தான் வந்தது. காம்பில் மட்டும் செம்மை. தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் அந்தத் தட்டுகளைத்தான் போய்ப் பார்ப்பேன்.

மாசி பிறந்ததும் மத்தியானத்தில் இலைகள் துவண்டன. தண்ணி பத்தவில்லை என்று நினைத்து ஊற்றினேன். சாயங்காலம் நிமிர்ந்தன, மறுநாள் மறுபடி துவண்டன. நானும் மறுபடி ஊற்றினேன். பங்குனியில் ஒரு செடியின் இலையைப் பிடித்து லேசாக இழுத்தேன், காம்போடு கையில் வந்துவிட்டது. நடுக்குருத்து கூழாகியிருந்தது. வேரைக் கீறிப் பார்த்தால் உள்ளே மஞ்சள், அழுகல் வாடைக்கு நடுவிலும் அந்த மருந்துக்கடை வாசம். மே முடிவதற்குள் 31ம் போய்விட்டது. செடி துவண்டது தாகத்தால் அல்ல, சூட்டால். ஈர மண்ணில் மேலும் தண்ணி நின்றதும் வேர் மூச்சு முட்டிச் செத்தது. இதை அன்றே தெரிந்துகொள்ளாதது என் தவறு.

அதற்கு ஈரமான, ஆழமான, மக்கிய சாணி உரம் நிறைந்த மண் வேண்டும், ஆனால் தண்ணி தேங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வருசா வருசம் இலையெல்லாம் காய்ந்து மண்ணுக்குள் உறங்க ஒரு குளிர்காலம் வேண்டும். நம்மூர் மார்கழிக் குளிர் அதற்குக் குளிரே இல்லை. ஷேடு நெட் வெயிலைக் குறைக்கும், உறக்கத்தைத் தராது.

மீதி விதையை ஊட்டிப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் தம்பி ஒருவனுக்குக் கொடுத்தேன். சரிவான நிலம், செடிக்குச் செடி ஐந்தடி இடைவெளி, குருத்து மண்ணுக்குள் புதையாமல் மேலோடு இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இலைச் சாறில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால் ஆடு மாடு வாய் வைக்காமல் பார்க்கச் சொன்னேன். தை மாதம் போன் வந்தது. "அண்ணா, எல்லாம் போச்சுண்ணா. உறைபனியில இலை கருகிப் போச்சு. தோண்டிப் போட்டுட்டு கேரட் போடட்டுமா?"

"தோண்டாத சாமி. பங்குனி வரைக்கும் பொறு."

பங்குனியில் திருப்பூர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். காய்ந்த இலைச் சருகைத் தம்பி கையால் ஒதுக்கினான். கோழிமுட்டை அளவில் ஒரு மொக்கு, மேலே வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய உறை. உறை கிழிந்த இடத்தில், மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, பீட்ரூட் நிறத்தில் இலை. அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல ஒண்ணை நம்மூருக்குக் கொண்டு போலாமுங்களா?"

"வேண்டாமுங்ண்ணா. அங்க வந்தா செத்துப் போயிருமுங்க."

"அப்ப இங்கயே இருக்கட்டும். பூக்க எத்தனை வருசமாகுமுங்க?"

இன்னும் இரண்டு மூன்று வருசமாவது ஆகும் என்றேன். அவர் தோட்டத்துக்கு வேண்டுமானால் செவ்வாமணக்கு போட்டுத் தருகிறேன், நம் வெயிலுக்கு அது தாங்கும் என்றும் சொன்னேன். சரி என்றார். எழுந்திருப்பதற்கு முன்னால், தம்பி ஒதுக்கின சருகை எடுத்து மொக்கைச் சுற்றி மறுபடி அணைத்து வைத்தார்.