தம்பி போன பிறகு, பேச ஓர் ஆளைத் தேடி அலைந்த அனுபவம்

என் தம்பி ரத்தப் புற்றுநோயில் இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. தலைத்திவசமும் கொடுத்தாயிற்று. அவன் போன துக்கத்தை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அந்தத் துக்கத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் அலைந்த அலைச்சலைத்தான் எழுதுகிறேன். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. இதே இடத்தில் நிற்கும் யாருக்காவது இது பாதி அலைச்சலையாவது மிச்சப்படுத்தினால் போதும்.

அக்காவாக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. துக்கம் கேட்க வருகிறவர்கள் அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள், தம்பி மனைவியைப் பற்றிக் கேட்பார்கள், குழந்தையைப் பற்றிக் கேட்பார்கள். என்னிடம் வந்து, "நீதான்மா தைரியமா இருந்து எல்லாரையும் பாத்துக்கணும்" என்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். மாதக்கணக்கில் தூக்கமில்லை. அலுவலகத்தில் ஒரு பில்லைக் கையில் எடுத்தால் அடுத்த வரிக்குப் போக முடியாது. அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. யாரிடமாவது பேசிப் பார்க்கலாமே என்று என் கணவர்தான் முதலில் சொன்னார்.

வீட்டிலிருந்தே பேசலாம் என்பதால் முதலில் ஒரு ஆன்லைன் சேவையில் பதிவு செய்தேன். படிவம் முழுக்க ஆங்கிலம். என்ன பிரச்சினை என்ற கேள்விக்கு மன அழுத்தம், பதற்றம், உறவுச் சிக்கல் என்று பட்டியல் இருந்தது. மரணம் என்று எதுவும் இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்திவிட்டு, மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். மொத்த அமர்வுகளுக்கும் முன்கூட்டியே பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். திரையில் வந்த பெண்ணுக்குத் தமிழ் வராது. நல்ல பெண்தான், பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் தம்பியின் கடைசி நாட்களை நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, வேறு யாருக்கோ நடந்ததைப் படித்துக் காட்டுவது போல இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று எழுதினேன், பதில் இல்லை. மீதிப் பணத்தைக் கேட்டேன், திருப்பித் தருவது அவர்கள் விதிமுறையில் இல்லையாம். தயவுசெய்து முதல் அமர்வுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும் தொகுப்பாக வாங்காதீர்கள்.

அடுத்து எங்கள் ஊரில் ஒரு மனநல கிளினிக். வரவேற்பில் இருந்தவர் கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, "உங்களுக்கு என்ன, தூக்கம் வரலையா, பயமா?" என்று சத்தமாகக் கேட்டார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலம் பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நமக்குத் தருகிறது. அது அந்த மேசை வரைக்கும் வந்து சேரவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் தூக்கம், பசி, எடை மூன்றையும் கேட்டுவிட்டு மாத்திரை எழுதினார். "தம்பி இறந்துட்டான் சார்" என்றேன். "தெரியுது, டைம் ஆகும்" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் எழுதிய மருந்து தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த மாத்திரையால் சில இரவுகள் தூங்கினேன். ஆனால் யார் எதற்கு என்பதை அங்கே ஒருவர்கூட விளக்கவில்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உட்கார்ந்து பேசி, வாராவாரம் கூட வருவது பெரும்பாலும் மருத்துவ உளவியலாளரின் வேலை. எனக்குத் தேவைப்பட்டது இரண்டாமவர். "பேச்சு சிகிச்சைக்கு இங்கே உளவியலாளர் இருக்காங்களா?" என்று போன் செய்யும்போதே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். துக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்? கிளினிக்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவதாகப் போன இடம்தான் என்னை ரொம்பக் காயப்படுத்தியது. சொந்தக்காரர் ஒருவர் அனுப்பி வைத்த 'கவுன்சிலர்'. சுவர் நிறையச் சான்றிதழ்கள். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று ஓர் அட்டையைக் காட்டி, "நீங்க இன்னும் மூணாவது படியிலயே நிக்கிறீங்க, இவ்வளவு நாளாச்சே" என்றார். கூனிக் குறுகி வெளியே வந்தேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன். எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969-இல் அந்த ஐந்தை எழுதியது, தாங்களே இறக்கப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. எல்லோரும் வரிசையாக ஏறித் தீர வேண்டிய படிக்கட்டு என்று ஒன்று கிடையாது. இரண்டாவது முறை போனபோது, ஜாதகத்தையும் கொண்டு வரச் சொன்னார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க, ஆர்.சி.ஐ. பதிவு இருக்கா?" என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு எதுவும் பலிக்காதும்மா" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டதில் எனக்கு இன்றைக்கும் திருப்தி.

ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை போடுகிறவருக்கு அங்கே பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு சி.ஆர்.ஆர். எண் என்று ஒன்று கொடுப்பார்கள். முறையாகப் படித்தவர்கள் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். ஆலோசகர்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவு கிடையாது, அதனால் எண் இல்லாதவர்கள் எல்லோரும் போலி என்று ஆகிவிடாது. ஆனால் அப்படிப்பட்டவரிடம் எந்தப் பட்டம், எங்கே, யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஓர் இரவு தாங்க முடியாமல் 14416-க்குப் போன் செய்தேன். அரசின் டெலி மானஸ் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். எடுத்தவர் தம்பியின் பெயரைக் கேட்டார். இத்தனை இடம் போயும் அதுவரை அவன் பெயரை யாருமே கேட்டிருக்கவில்லை. அப்போதுதான் அழுதேன். அவர் அவசரப்படுத்தாமல் கூடவே இருந்தார். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே உளவியலாளர் இருப்பார், கட்டணம் இல்லை என்றும் சொன்னார்.

மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, அறைக்குப் போனால் பூட்டு. "மேடம் இன்னிக்குத் தாலுகா ஆஸ்பத்திரி கேம்ப் போயிருக்காங்க" என்றார்கள். இந்தக் குழுவினர் சில நாட்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போய்ப் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. எந்தக் கிழமை எங்கே என்று கதவில் ஒரு காகிதம் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் போவதாக இருந்தால் கிழமையை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், ஓ.பி. சீட்டு காலையிலேயே நின்றுவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியில் வழி கிடைத்தது, தம்பியைப் பார்த்த மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவில் (பாலியேட்டிவ் கேர் என்பார்கள்). அந்தக் கட்டடத்துக்குள் திரும்பக் கால் வைக்க எனக்கு மனசே இல்லை, அதனால் போனில்தான் பேசினேன். அங்கிருந்த சமூகப் பணியாளருக்கு அவனை நினைவிருந்தது. நோயாளி இறந்த பிறகு குடும்பத்தைக் கவனிப்பதும் அந்தப் பிரிவின் வேலையில் சேர்ந்ததுதான் என்று சொல்லி, இவ்வளவு நாள் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். இதை டிஸ்சார்ஜ் காகிதத்தோடு ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். புற்றுநோயிலோ நீண்ட நோயிலோ யாரையாவது இழந்திருந்தால், மற்ற எல்லா இடத்துக்கும் முன்னால் அங்கே ஒரு போன் செய்யுங்கள். துக்கத்தோடு பழகியவர்கள் அவர்கள்தான். அவர் கொடுத்த பெயர்தான் இப்போது நான் பார்க்கும் உளவியலாளர்.

நேரம் வாங்குவதற்கு முன் போனிலேயே சிலது கேட்டேன்: பதிவு எண், தமிழில் பேசுவாரா, இழப்புக்காக வருகிறவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, கட்டணம் எவ்வளவு, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் வந்தது. ஓர் அமர்வுக்கு 1,200 ரூபாய் என்றார். தொடர்ந்து வருவதாக இருந்தால் சிரமம் என்றேன், 800-க்கு ஒத்துக்கொண்டார். வெட்கப்படாமல் கேளுங்கள். இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். உடல்நோயைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறதுதான், ஆனால் என் பாலிசியில் வெளிநோயாளிச் செலவே கிடையாது. உங்கள் பாலிசியில் ஓ.பி. உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வில், நான் சொல்வது வெளியே போகாது, என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும்தான் விதிவிலக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு இருப்பது நோயா என்று கேட்டேன். துக்கம் நோய் இல்லை என்றார். நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றை இப்போது வகுத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்ல, இழப்புக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் குறைந்தது 6 மாதமும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறையில் பெரியவர்களுக்கு 12 மாதமும் ஆகியிருக்க வேண்டும். நாள் கணக்கு மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கை எந்த அளவுக்கு முடங்கியிருக்கிறது என்பதையும் பார்ப்பார்களாம். ஒரு நாள் அழுவதும் மறுநாள் சமையல், வேலை, சிரிப்பு என்று இருப்பதும் தம்பிக்குச் செய்யும் துரோகம் ஆகாது, அப்படிப் போய்ப் போய் வருவதுதான் துக்கத்தின் இயல்பு என்று அவர் சொன்னபோது எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. குரல் பதிவுகளில் ஒன்றை அவர் முன்னால் வைத்துத்தான் கேட்டேன். "அக்கா, வரும்போது முறுக்கு வாங்கிட்டு வா" என்கிறான்.

இதைப் படிக்கும் யாருக்காவது வாழவே வேண்டாம் என்று தோன்றினால் நல்ல உளவியலாளர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே 14416-ஐயோ, தமிழக அரசின் உதவி எண்ணான 104-ஐயோ அழையுங்கள். சென்னை சினேகா அமைப்பு 1986-இலிருந்து இதற்காகவே இயங்குகிறது, எண் 044-24640050.

அம்மாவையும் அழைத்து வரலாமா என்று போன வாரம் கேட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேரையும் தானே தனித்தனியாகப் பார்ப்பது சரிவராது என்று சொல்லி, இன்னொருவர் பெயரைக் கொடுத்தார். அவருடைய பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டேன், வயதானவர்களிடம் நல்ல தமிழில் பேசுகிறார், தரைத்தளத்தில் அறை. அம்மா ஒத்துக்கொண்டாள், வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.