சிக்கெடுத்த பிறகே தண்ணீர்

எங்கள் வீட்டு ஷிட்ஸு இன நாய்க்கு வயது 4, எடை 6 கிலோ. அதைக் குளிப்பாட்டும் வேலை தண்ணீரில் அல்ல, சீப்பில்தான் தொடங்குகிறது என்பதை முதல் முறை தவறிய பிறகே கற்றுக்கொண்டேன். அன்று முடியை வாராமல் நேரே தண்ணீரை ஊற்றிவிட்டேன். காதுக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவில் இருந்த சிக்கு, நனைந்து காய்ந்ததும் கம்பளித் துண்டுபோல் இறுகி, கத்தரிக்கோல் இல்லாமல் எடுக்க முடியாததாகிவிட்டது.

இப்போது முன்னங்கால் அக்குள், காதின் அடிப்புறம், கழுத்துப்பட்டை உரசும் இடம் ஆகியவற்றை, முடியின் வேர்ப்பகுதியை விரல்களால் பிடித்துக்கொண்டு, எஃகுச் சீப்பால் நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்த பின்னரே குளியலறைக்குத் தூக்கிச் செல்கிறேன். 3 வாரத்துக்கு ஒரு முறை, வெதுவெதுப்பான நீர் போதும். நாம் பயன்படுத்தும் ஷாம்பு வேண்டாம். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோலோ நடுநிலைக்கு அருகில் இருப்பது. முகத்தை ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. கண்கள் துருத்திய இனம் ஆதலால் நுரை எளிதில் பட்டுவிடும்.

குளித்ததும், சீன மொழியில் சிங்கத்தைக் குறிக்கும் தன் இனத்தின் பெயரை மறந்து, அது நனைந்த கோழிக்குஞ்சாகிவிடுகிறது. துண்டால் தேய்த்தால் மீண்டும் சிக்கு விழும் என்பதால் ஒற்றியெடுக்க வேண்டும். பிறகு டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, வாரிக்கொண்டே வேர்வரை உலர்த்த எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை பொறுமையாக நிற்பதற்கு அது வாங்கும் கூலி, வேகவைத்த கேரட் ஒரு துண்டு.