கொன்றையா, ஆவாரையா? மூன்று வாரக் குறிப்பு

சித்திரை பிறந்ததிலிருந்து காலை நடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு லென்ஸ் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மஞ்சளாகப் பூக்கும் கொன்றை வகைகள் ஒவ்வொன்றும் எந்தப் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) என்று நானே பார்த்துத் தீர்மானிக்க ஆசை.

தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸ் 1753இல் சரக்கொன்றை, ஆவாரை, தகரை எல்லாவற்றையும் காசியா என்ற ஒரே கூடையில் போட்டார். 1982இல் தாவரவியலாளர்கள் இர்வினும் பார்னபியும் அந்தக் கூடையைக் காசியா, சென்னா, கெமக்ரிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். பழைய மூலிகைப் புத்தகங்களில் ஆவாரை இன்னும் காசியாதான்.

முதல் வாரம் இலையைப் பார்த்தேன். ஆவாரையில் ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே குச்சி போல ஒரு சுரப்பி. எறும்புகள் அங்கேயே சுற்றுகின்றன. தகரையிலும் கீழ் இணைகளுக்கு நடுவே உண்டு. சரக்கொன்றையில் இல்லை. ஆக, சுரப்பி இருந்தால் சென்னா, இல்லாவிட்டால் காசியா என்று விதி எழுதிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்து மஞ்சள் கொன்றையில் சுரப்பி இல்லை; பெயரும் கொன்றை. பேனாவால் காசியா என்று எழுதிவிட்டேன். தவறு.

இரண்டாம் வாரம் பூவைப் பிரித்தபோதுதான் குட்டு உடைந்தது. சரக்கொன்றையின் பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு, கீழே இறங்கி மறுபடி மேலே வளைகின்றன. மஞ்சள் கொன்றையில் அந்த வளைவே இல்லை. காயும் வேறு: முன்னது உருண்ட தடி, பின்னது தட்டை. காலடியில் கிடந்த காயைக் குனிந்து பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்! அடித்துவிட்டுச் சென்னா என்று திருத்தினேன்.

சென்னாவின் மகரந்தப்பை நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் பொடி வெளிவரும். ஆவாரம்பூவைக் கறுப்புத் தாள்மேல் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. மின்சாரப் பல்துலக்கியை லேசாகத் தொட்டவுடன் மஞ்சள் தூள் கொட்டியது. வேலியில் கரிய பெரிய தேனீ பூவைக் கட்டிப்பிடித்து ஏன் அப்படி ரீங்காரமிடுகிறது என்பது விளங்கியது.

இதற்கிடையில் ஒன்று கவனித்தேன். ஆவாரை, பொன்னாவரை, நிலாவரை: நம்மவர் ‘ஆவரை’ என்று அழைத்தவை எல்லாம் இன்று சென்னா. ‘கொன்றை’ என்ற ஒரு பெயர்தான் என்னைக் கவிழ்த்தது.

கெமக்ரிஸ்டா இன்னும் கிடைக்கவில்லை. மழைக்குப் பின் தரையோடு முளைக்கும் சிறு செடிகளில் தேட வேண்டும். காய் வெடித்து ஓடு முறுக்கிக்கொண்டால் அதுதான்.