வூக்கோவிச்: 676 சுற்றுகளில் 485

உயர்தரத்தில் பிரயோக கணிதம் படித்த எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் எவரும் சாய்வான வளைவில் ஓடும் கார்க் கணக்கை மறந்திருக்க மாட்டார்கள். வளைவின் ஆரை தரப்பட்டிருக்கும், சாய்வுக் கோணம் தரப்பட்டிருக்கும், பக்கவாட்டில் வழுக்காமல் ஓடக்கூடிய வேகத்தைக் காண வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த காருக்கு நான்கு சில்லுகள் இருந்தன, சாரதி இருக்கவில்லை. அந்தக் கணக்கை அமெரிக்காவின் இன்டியனாபொலிஸ் 500 மைல் கார்ப் பந்தயத்தில் ஒரே நாளில் 800 தடவை கையால் செய்து முடித்த பில் வூக்கோவிச் என்ற சாரதியைப் பற்றி எழுதுகிறேன். பள்ளி நினைவோடு தொழில் சார்ந்ததையும் எழுதலாம் என்று மலர்க்குழு அனுமதி தந்திருக்கிறது.

பில் வூக்கோவிச் 1918 டிசம்பர் 13 அன்று கலிபோர்னியாவில் பிறந்தவர். சேர்பியக் குடியேறிகளின் பிள்ளை. வளர்ந்தது பிரெஸ்னோவில். 1938இல் பந்தயத்துக்கு வந்தார், பிறகு மிஜெட் எனப்படும் சிறிய கார்களில் மண் ஓடுபாதைகளில் ஆண்டுக்கணக்காக ஓடினார். 1950இல் அமெரிக்க மோட்டார் சங்கத்தின் தேசிய மிஜெட் பட்டம் அவருடையது. மிஜெட் பந்தயம் குறுகிய ஓடுபாதையில் வாரத்தில் பல இரவுகள் நடக்கும். பின்சில்லு வழுக்கும் நிலையிலேயே காரை வைத்து, பெற்றோல் மிதியாலும் ஸ்ரியரிங்காலும் திசையைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். இன்டியனாபொலிஸில் அவர் காட்டிய கைவண்ணம் அங்கே பழகியதுதான். பத்திரிகைகள் அவருக்கு 'பைத்தியக்கார ரஷ்யன்' என்று பெயர் வைத்தன. அவர் ரஷ்யரும் அல்ல, அவருடைய ஓட்டத்தில் பைத்தியமும் இல்லை. எண்களைப் பார்த்தால் அது விளங்கும்.

இன்டியனாபொலிஸ் ஓடுபாதை ஒரு சுற்று இரண்டரை மைல். பந்தயம் 200 சுற்று, 500 மைல். நான்கு வளைவுகளும் இடப்பக்கம் திரும்புபவை. ஒவ்வொன்றும் கால் மைல் நீளம், சாய்வு 9 பாகை 12 கலை. கால் மைல் வில் 90 பாகை திரும்புகிறது என்றால் ஆரை ஏறக்குறைய 256 மீற்றர். உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் அந்தச் சாய்வு தாங்கும் வேகம் செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 45 மைல். 1950களின் கார் அதே வளைவில் 120 மைலில் போனால் தேவைப்படும் மையநோக்கு விசை ஏழு மடங்காகிறது. ஏழில் ஒரு பங்கைச் சாய்வு கொடுக்கும், மிகுதி ஆறு பங்கையும் ரயரின் பிடி கொடுக்க வேண்டும். அதனால்தான் சாரதிகள் வெளிச்சுவரை ஒட்டி நுழைந்து, நடுவில் உட்கரையைத் தொட்டு, மறுபடி சுவர்வரை அகன்று வெளியேறுவார்கள். அப்படிப் போனால் ஆரை பெரிதாகும், ரயரின் பங்கு குறையும். சுவரை எவ்வளவு ஒட்டலாம் என்பதில்தான் சாரதிக்குச் சாரதி வித்தியாசம்.

இடப்பக்கம் மட்டுமே திரும்பும் காரில் சுமை எப்போதும் வலப்பக்க ரயர்களுக்கு மாறும். வலது முன் ரயர்தான் முதலில் தேயும். கலிபோர்னியாவின் கிளென்டேலில் கார் கட்டிய பிராங்க் கேர்ட்டிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். எஞ்சினையும் பின்னச்சுக்குப் போகும் சுழல்தண்டையும் இடப்பக்கமாக நகர்த்தினார். சாரதியைத் தண்டின் மேலே உட்கார்த்தாமல் அதன் வலப்பக்கத்தில் தாழ்வாக இருத்தினார். கார் பதிந்தது. நிற்கும்போதே இடப்பக்கத்தில் பாரம் கூடியிருந்ததால், வளைவில் நான்கு ரயர்களும் சுமையை முன்பைவிடச் சமமாகப் பங்கிட்டன. முன்னும் பின்னும் நேர் அச்சுகள், சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குத் தண்டுகள். கேர்ட்டிஸ் 500ஏ என்ற இந்தக் கார் 1952இல் ஹோவர்ட் கெக்கின் அணிக்கு வந்தது. அதைப் பராமரித்தவர்கள் ஜிம் ட்ரவர்ஸ், பிராங்க் கூன் என்ற இரு மெக்கானிக்குகள். ஓட்டியவர் வூக்கோவிச்.

காரின் பெயரே 'பியுவல் இன்ஜெக்சன் ஸ்பெஷல்', அதாவது எரிபொருள் பாய்ச்சல் ஸ்பெஷல். உள்ளே இருந்தது ஒபென்ஹவுசர் எஞ்சின்: நான்கு சிலிண்டர், 270 கன அங்குலம், அதாவது 4.4 லீற்றர். மேலே வால்வுகளைத் திறக்கும் இரண்டு கம் தண்டுகள், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். சிலிண்டர் கட்டையும் தலையும் ஒரே வார்ப்பு. ஆகவே எரிந்து போவதற்கு, இரண்டுக்கும் இடையே வைக்கும் தலை காஸ்கெட் என்று ஒன்று இல்லை. அதற்கான விலை வால்வு வேலையில் தெரியும். வால்வை அரைக்க எஞ்சினைப் பிரித்து, கட்டையைக் கழற்றி, சிலிண்டருக்குள் கீழிருந்து கருவியை விட்டுத்தான் அரைக்க வேண்டும். இவ்வளவு பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின் கடுமையாக அதிரும். அந்த அதிர்வு எரிபொருள், எண்ணெய்த் தாங்கிகளில் வெடிப்பு விழுத்தும், தாங்குசட்டங்களை முறிக்கும், ஆணிகளைத் தளர்த்தும். எஞ்சினுடன் ஸ்ராற்றரும் இல்லை. வெளியிலிருந்து ஒரு மின் ஸ்ராற்றரை மூக்கில் செருகித்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

எரிபொருள் மெதனோல். பெற்றோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், மெதனோலுக்கு 6.4 போதும். அப்படியானால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் பாய வேண்டும். ஆவியாகும்போது அது உள்ளே வரும் காற்றை நன்றாகக் குளிர வைக்கும், அதனால் அதிக அமுக்கத்திலும் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டாது. சங்கடமும் உண்டு. மெதனோல் ஈரத்தை இழுக்கும், அலுமினியத்தை அரிக்கும். ஓட்டம் முடிந்ததும் பம்ப்பையும் குழாய்களையும் கழுவாமல் விட்டால் அடுத்த தடவை எரிபொருள் தெளிக்கும் ஊசித்துளை அடைபடும். எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. ஓட்டத்தின் நடுவே எரிபொருள் நிரப்பும் பிட்டில் நிற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

ஸ்ருவட் ஹில்போர்ன் செய்த எரிபொருள் பாய்ச்சும் முறை இந்தக் காருக்குப் பெருத்த பலம். காற்றோடு எரிபொருளைக் கலக்கும் வழக்கமான காபுரேற்றரில் மிதவைக் கிண்ணம் இருக்கும். இடப்பக்கம் திரும்பும்போது எரிபொருள் கிண்ணத்தின் வலப்பக்கம் ஒதுங்கி, கலவை குழம்பும். நான்கு வளைவிலும் இது நடக்கும். ஹில்போர்ன் முறையில் மிதவையே இல்லை. எஞ்சினோடு சுழலும் பம்ப் எரிபொருளைத் தள்ளும், பெற்றோல் மிதியோடு இணைந்த ஒரு சுழல் வால்வு அளவைக் கட்டுப்படுத்தும், ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் ஒரு ஊசித்துளை இடைவிடாமல் தெளிக்கும், மிஞ்சுவது ஒரு சிறு துளை வழியே தாங்கிக்குத் திரும்பும். கலவையை மாற்ற அந்தத் திரும்பும் துளையின் அளவை மாற்றினால் போதும். துளை பெரிதானால் அதிகம் திரும்பிப் போகும், கலவை மெலியும். சிறிதானால் தடிக்கும். வெயில் நாளில் காற்று ஐதாக இருப்பதால் சற்றுப் பெரிய துளை வேண்டும். அளவு மீறிப் பெரிதாக்கினால் பிஸ்ரன் உருகும். ஒரேயொரு ஊசித்துளையில் தூசி அடைத்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் மெலிந்து எரியும், மற்ற மூன்றும் நன்றாக இருப்பதால் சாரதிக்குத் தாமதமாகத்தான் தெரியும். ட்ரவர்ஸும் கூனும் இப்படிப்பட்ட விடயங்களில் ஒன்றையும் விட்டுவைக்காத ஆட்கள்.

வூக்கோவிச்சின் முதல் இன்டியனாபொலிஸ் பந்தயம் 1951, வேறொரு அணியின் காரில். 29 சுற்றில் எண்ணெய்த் தாங்கி ஒழுகி நின்றுவிட்டது. 1952இல் கெக்கின் காரில் அவர் 150 சுற்றுகள் முன்னணியில் இருந்தார். அந்த வருடம் முதல் இடத்தில் தொடங்கியது பிரெட் அகபாஷியனின் கமின்ஸ் டீசல் கார். ரயர் துகள்கள் அதன் காற்றழுத்தியின் வாயை அடைத்ததால் 71 சுற்றோடு ஒதுங்கியது. இத்தாலியிலிருந்து வந்த அஸ்காரியின் பெராரியில் சில்லு முறிந்தது. வூக்கோவிச்சை மட்டும் யாராலும் நெருங்க முடியவில்லை. 191 சுற்று முடிந்து ஒன்பது சுற்று மிச்சம் இருக்கையில் ஸ்ரியரிங் இணைப்பில் ஒரு சிறு ஆணி (பின்) முறிந்தது. திருப்ப முடியாத காரை அவர் வெளிச்சுவரோடு உரசவிட்டு நிறுத்தினார். 22 வயதான ட்றோய் ரட்மன் வென்றார்.

இத்தகைய ஆணி ஒருநாளில் முறிவதில்லை. முன்நீட்டுப் பாதையில் அப்போதும் செங்கல் பதித்திருந்தது. அதன் குலுக்கலும் எஞ்சினின் அதிர்வும் சேர்ந்து அதை இலட்சக்கணக்கான தடவை வளைத்து நிமிர்த்தும். தண்டின் விட்டம் திடீரென மாறும் கூர்மூலையில் மயிரளவு வெடிப்பு பிறக்கும், அது மெல்ல வளர்ந்து, மிச்ச உலோகம் பாரம் தாங்க மாட்டாத கணத்தில் அறுந்து விடும். அந்த மூலையை வட்டமாக உருட்டிக் கடைவதும், உறுப்பைக் காந்தமாக்கி இரும்புத்தூள் தூவி, தூள் கோடுபோல ஒட்டும் இடத்தில் வெடிப்பைக் காண்பதும்தான் பாதுகாப்பு. பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு உலோகக் களைப்புக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சொல்ல என்னால் முடியாது.

1953இல், தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் தூறல் தொடங்கிய நேரத்திலும் மிதியிலிருந்து காலை எடுக்காமல் நான்கு சுற்றுக்கு மணிக்கு 138.392 மைல் சராசரி எடுத்து முதல் இடத்தைப் பிடித்தார். பந்தய நாள் கொடும் வெப்பம். பல கார்களில் சாரதிகள் களைத்து இறங்க, மாற்றுச் சாரதிகள் ஏறினார்கள். கார்ல் ஸ்காபரோ என்ற சாரதி வெப்பத்தால் சரிந்து உயிரிழந்தார். எஞ்சினுக்கும் சுழல்தண்டுக்கும் அருகே, காற்று புகாத சாரதிக் குழிக்குள் கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும். வூக்கோவிச் இறங்கவில்லை. 200 சுற்றில் 195 சுற்று அவர்தான் முன்னால். சராசரி 128.740 மைல். பவர் ஸ்ரியரிங் இல்லாத காலம் அது. ரப்பர்ப் பந்தை அமுக்கி அமுக்கிக் கைப்பலம் வளர்த்தவர் என்பதை நினைத்தால் இது வெறும் துணிச்சலால் வந்த வெற்றி அல்ல என்பது புரியும்.

எல்லோரும் 1953ஐத்தான் புகழ்வார்கள். என் கணிப்பில் 1954 அதைவிடப் பெரியது. கார் பழையது. தகுதிச் சுற்றில் தொல்லைப்பட்டு 19ஆம் இடத்தில் நின்றார். ஜாக் மக்ராத் 141.033 மைலில் முதன்முதலாக 140ஐத் தாண்டி முன்வரிசையில் நின்றார். முன்னால் 18 கார் இருக்கும்போது ஒவ்வொன்றையும் முந்துவதற்கு வழக்கமான பாதையை விட்டு விலக வேண்டும். விலகினால் ஆரை குறையும், ரயர் கூடுதலாகத் தேயும், ஒரு பிட் நிறுத்தம் கூடிவிடலாம். அவர் ரயரைக் காத்து, எண்ணிப் பார்த்து முந்தினார். 90 சுற்று முன்னணியில் ஓடி, 150ஆம் சுற்றை ஒட்டிப் பிடித்த முதலிடத்தைப் பிறகு விடவில்லை. சராசரி 130.840 மைல், அன்றைய சாதனை. இரண்டாவதாக வந்த ஜிம்மி பிரையன், சில்லுகளைத் தாங்கும் தொங்கலமைப்பு முறிந்த காரில் உடல் நொந்து முடித்தார். ஒரே சாலையில் இரு கார்கள் பட்ட பாட்டை ஒப்பிட்டால் ட்ரவர்ஸ், கூன் இருவரின் தயாரிப்பு எப்படிப்பட்டது என்று தெரியும்.

1955க்குக் கெக் கட்டுவித்த புதிய கார் தயாராகவில்லை. வூக்கோவிச்சும் இரு மெக்கானிக்குகளும் லிண்ட்சி ஹொப்கின்ஸ் அணியின் கேர்ட்டிஸ் 500சி காருக்கு மாறினார்கள். மே 30, பலத்த காற்று. தொடக்கத்தில் மக்ராத்தும் அவரும் முதலிடத்தை மாறி மாறிப் பிடித்தார்கள். 54ஆம் சுற்றில் தீப்பொறிக்கு மின் தரும் மக்னீற்றோ பழுதாகி மக்ராத்தின் கார் நின்றது. 57ஆம் சுற்றில், இரண்டாம் வளைவை விட்டு வெளியேறும் இடத்தில், ரொட்ஜர் வார்டின் காரில் அச்சு முறிந்து கார் புரண்டது. அதைத் தவிர்க்க அல் கெல்லர் விலகி, திரும்பவும் பாதைக்குள் வந்து ஜொனி பொய்டின் காரில் மோதினார். பொய்டின் கார் வூக்கோவிச்சின் வழியில் வந்தது. விலக இடமில்லை. அவருடைய கார் வெளிச்சுவரைத் தாண்டிப் புரண்டு தீப்பற்றியது. மண்டையோட்டின் அடி முறிந்து உயிர் போயிருந்தது. பந்தயத்தைக் கைவிட்டுக் காரை நிறுத்தி உதவ ஓடியவர் எட் எலிசியன். பொப் ஸ்வைகட் வென்றார்.

1951 தொடங்கி அவர் அங்கே முடித்த சுற்றுகள் 29, 191, 200, 200, 56. கூட்டினால் 676. அதில் முன்னணியில் இருந்தவை, 1952 தொடங்கி, 150, 195, 90, 50. கூட்டினால் 485. நூற்றுக்கு 71.7. 1950 முதல் 1960 வரை இன்டியனாபொலிஸ் உலக சாரதிப் பட்டத்துக்கும் சேர்த்தெண்ணப்பட்டதால், உலகப் பட்டக் கணக்கிலும் அவருக்கு ஐந்து பந்தயத்தில் இரண்டு வெற்றி. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் வென்றவர்கள் சிலர் உண்டு, மூன்றாவதையும் தொடர்ந்து வென்றவர் இன்றுவரை இல்லை. அவருக்கு முன் வில்பர் ஷோவும் 1941இல் மூன்றாவதை நோக்கி முன்னணியில் ஓடும்போதே சில்லு உடைந்து சுவரில் மோதினார்.

1955 ஜூனில் பிரான்சின் லீ மான்ஸ் கார்ப் பந்தயத்தில் நடந்த விபத்தும் சேர, அமெரிக்க மோட்டார் சங்கம் ஆண்டு முடிவோடு பந்தயங்களை நடத்துவதிலிருந்து விலகியது. 1957இல் எஞ்சின் அளவு குறைக்கப்பட்டது. வூக்கோவிச் காலத்துக் கார்களில் சாரதியின் தலைக்குப் பின்னால் உருள்காப்புச் சட்டம் கிடையாது. 1959இல்தான் அதுவும் தீயெதிர்ப்பு உடையும் கட்டாயமாகின. ட்ரவர்ஸும் கூனும் பிறகு தங்கள் இரு பெயர்களையும் இணைத்து டிராக்கோ என்ற எஞ்சின் பட்டறையைக் கலிபோர்னியாவில் நடத்தினார்கள். அவர்கள் தயாரித்த ஷெவ்ரொலே வி8 எஞ்சின்களை 1960களின் அமெரிக்கப் பந்தய அணிகள் விரும்பி வாங்கின.