அந்த 18 மில்லிவோல்ட்

இரண்டாம் ஆண்டு முடிவில் சிறப்புப் பாடம் எது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, யோசிக்காமல் நரம்பறிவியல் என்று எழுதினேன். காரணம் ஹென்றி மொலைசன். வலிப்பைக் கட்டுப்படுத்த 1953-இல் அவர் மூளையின் இரு பக்கமும், புது நினைவுகளை உருவாக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு புதிதாகப் பார்த்த யாரும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறியது, முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லாமல்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வகுப்பு தொடங்கியதும் நினைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்ததெல்லாம் மின்சாரம்: செல் சவ்வு, அயனிகள், மடக்கை, வகைக்கெழு. பள்ளியோடு கணக்கை முடித்துக்கொண்டதாக நினைத்திருந்தவள் நான். முதல் தேர்வில் மார்க் மிகவும் குறைந்தது. பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க ஆசிரியையிடம் போனேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "பொட்டாசியத்துக்கு மட்டும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் போடும்மா" என்றார். சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு அயனி எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாடு அது.

செல்லுக்குள் பொட்டாசியம் 140, வெளியே 5. விகிதம் 28. அதன் மடக்கை 1.45. உடல் வெப்பத்துக்கான எண் 61; பெருக்கினால் மைனஸ் 88 மில்லிவோல்ட்.

"ஓய்வில் இருக்கும் நியூரானுக்கு, அதான் நரம்புச் செல்லுக்கு, புத்தகத்தில் என்ன போட்டிருக்கு?"

"மைனஸ் 70, மேடம்."

"மீதி 18 எங்கே போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் அதே தாளோடு உட்கார்ந்தேன். நியூரான் சும்மா இருக்கும்போதும் சோடியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிகிறது. அந்தக் கசிவுதான் வித்தியாசம். கசிந்ததை இறைத்துக் கொட்ட ஒரு பம்ப் ஓயாமல் வேலை செய்கிறது: ஒரு சுற்றுக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே, செலவு ஒரு ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு ஒன்று. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை ஏன் வாங்கிக்கொள்கிறது என்பது அப்போது பிடிபட்டது. அதற்குமேல் பாடத்தை மாற்றும் பேச்சே எடுக்கவில்லை. மனப்பாடம் செய்வதையும் விட்டேன். ஒவ்வொரு வரைபடத்தையும் புத்தகத்தை மூடிவிட்டுக் கையால் வரைந்து, எங்கே தடுமாறுகிறேனோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்தேன். 12 மண்டை நரம்புகளுக்கு மட்டும் அது பலிக்கவில்லை. அவற்றை உருப்போட்டுத்தான் தீரவேண்டும்.

லேபில் ஆட்டு மூளையை வெட்டிய நாள் மறக்காது. ஃபார்மலினில் ஊறி ரப்பர் போல இறுகியிருந்தது. இரு அரைக்கோளங்களையும் மெல்ல விலக்கியபோது நடுவே அவற்றை இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் பக்கவாட்டு அறையைத் திறந்ததும் அதன் தரையில் வளைந்து கிடந்தது ஹிப்போகேம்பஸ். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மொலைசன் இழந்தது இதைத்தான்.

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952-இல் வெளியிட்ட, நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்று காட்டும் கணித மாதிரியை எடுத்துக்கொண்டேன். கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை அளந்து அவர்கள் எழுதிய நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள். ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் வாரக்கணக்கில் போட்ட கணக்கு அது. பைத்தான் கணினி மொழியில் எழுதி ஓட்டியபோது முதலில் கோடு நேராகவே போனது. மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினேன். சின்ன மேடு எழும்பி அடங்கியது. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் கோடு விருட்டென்று மேலே பாய்ந்து, அதே வேகத்தில் இறங்கி, ஓய்வு நிலைக்கும் கீழே போய், மெதுவாகத் திரும்பி வந்தது. அதை அப்படியே சேமித்து ஆசிரியைக்கு அனுப்பினேன்.