மணி, வயது நான்கு, இனம்: நான்-டிஸ்கிரிப்ட்

மனைவிக்கு பெர்லினில் இரண்டு வருட வேலை என்று உறுதியானதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "அப்போ மணி?" கேட்டது அம்மா. என் வேலை என்ன ஆகும், நான் என்ன செய்யப் போகிறேன் என்றெல்லாம் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மணி எங்கள் நாய். 2020 ஊரடங்கில் தெருமுனை டீக்கடை மூடியபோது, அதன் பெஞ்சடியிலிருந்து எங்கள் ஸ்கூட்டர் நிழலுக்குக் குடிபெயர்ந்தவன். அம்மா அண்ணன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அண்ணிக்கு நாய் என்றாலே தும்மல். ஆக, மணியும் ஜெர்மனி போகிறான் என்று முடிவானது. டிக்கெட் போட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

டாக்டரிடம் போனேன். பெருமையாகத் தடுப்பூசிப் புத்தகத்தை நீட்டினேன். போன வாரம்தான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிப் எங்கே?" என்றார்.

விஷயம் இதுதான். ஐரோப்பாவுக்குள் நாய் நுழைய 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் உடம்பில் இருக்க வேண்டும். சிப் போட்ட பிறகு குத்திய தடுப்பூசிதான் கணக்கில் சேரும். முன்னால் குத்தியது எந்த நாய்க்குக் குத்தியதோ, யார் கண்டது என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் அதை என்னிடம் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம். யாரிடமும் கேட்காதது என் தப்பு என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

தோள்பட்டைகளுக்கு நடுவே சிப் ஏறியது. அரிசி அளவுதான் இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். "பொன்னியா, இட்லி அரிசியா?" என்றாள். அன்றே மறுபடி ஊசி. அதிலிருந்து 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்புச் சக்தியை அளக்க வேண்டும். 0.5 யூனிட் இருந்தால் பாஸ். பாஸானாலும் கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் இங்கேயே காத்திருக்க வேண்டும். மனைவிக்கு ஒரு மாதத்தில் விசா வந்துவிட்டது. மணிக்கு நாலரை மாதம்.

நாயை மட்டும் தனியாக அனுப்பிவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. வளர்ப்புப் பிராணி என்ற கணக்கில் போக, உரிமையாளர் பயணத்துக்கும் நாய்ப் பயணத்துக்கும் நடுவே ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. அதனால் அவள் முன்னால் போனாள். மணியின் உரிமையாளர் என்ற தகுதியில் நான் பின்தங்கினேன். தினமும் சாயங்காலம் வீடியோ கால் வரும். "அவனைக் காட்டுங்க" என்பாள். காட்டுவேன். பேசி முடித்ததும் வைத்துவிடுவாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. 3.9.

"நூத்துக்கா?" என்றாள் அம்மா, முகம் வாடி.

"இல்லம்மா, 0.5 எடுத்தாலே பாஸ்."

"அப்போ ஸ்டேட் ஃபர்ஸ்ட்னு சொல்லு!" என்று எதிர்வீட்டு மாமிக்குச் சேதி சொல்லப் போய்விட்டாள். என் பிளஸ் டூ மார்க்குக்கு அவள் வாசற்படிகூடத் தாண்டவில்லை.

அடுத்தது பெட்டி. பல விமான நிறுவனங்களில் கூடையோடு சேர்த்து 8 கிலோவுக்குள் இருக்கும் நாய்தான் இருக்கைக்கடியில் போகலாம். மணி 20 கிலோ. ஆகவே விமானத்தின் அடியிலுள்ள சரக்கு அறை. அதற்கான பெட்டிக்கு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஓர் அளவு, தரையிலிருந்து முழங்கை வரை இன்னொன்று. முதலாவதோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் நீளம். தோள் அகலத்தை இரட்டித்தால் அகலம். உயரத்துக்கு, நின்றபடி உச்சந்தலை அல்லது காது நுனி, எது உசத்தியோ அது.

நான் டேப்பை எடுத்தாலே அவன் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான். கடைசியில் தெருமுனை டெய்லர் அண்ணன்தான் வந்தார். நாற்பது வருட அனுபவம். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "நிமிந்து நில்லுப்பா" என்றார். மணி நின்றான்! மூக்கு-வால் 68, முழங்கை 30, தோள் 20 என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 83 நீளம், 40 அகலம். உயரத்தில்தான் சிக்கல்.

மணிக்கு வலது காது எப்போதும் மடிந்தே கிடக்கும். இடது காதோ சந்தர்ப்பத்துக்குத் தகுந்தபடி. சும்மா நிற்கும்போது 59 சென்டிமீட்டர். யாராவது பிஸ்கட் கவரைப் பிரித்தால் அது விறைத்து எழும்பி 65. "எதை வெக்கிறது சார்?" என்றார் அண்ணன். உள்ளே இருந்து அம்மா ஒரு பாக்கெட்டைக் கசக்கிக் காட்ட, நாங்கள் 65-ஐயே குறித்துக்கொண்டோம். வானத்தில் யார் பிஸ்கட் பிரிக்கப் போகிறார்கள் என்று நண்பன் சிரித்தான். அவனேதான், நாய்க்குத் தூக்க மாத்திரை கொடுத்து ஏற்றிவிடு என்றும் யோசனை சொன்னவன். டாக்டரிடம் அதைக் கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மயக்கத்தில் உயரே போனால் மூச்சுக்கே ஆபத்தாம்.

பெட்டி வந்து ஹாலில் உட்கார்ந்தது. ஆறு வாரம் பழக்குங்கள் என்றார் டாக்டர். மணி அதைச் சுற்றி வந்தான், முகர்ந்தான், ஒரு காலைத் தூக்கினான். உள்ளே கறிச்சோறு வைத்தோம். பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டான். எப்படி என்று காட்ட நானே தவழ்ந்து உள்ளே போனேன். தோள் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கேஸ் சிலிண்டர் போடுபவர் வந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரசீதைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

பிறகு அம்மா தன் பழைய சுங்குடிப் புடவையை மடித்து உள்ளே விரித்தாள். அன்று ராத்திரி குறட்டைச் சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

நடுவில் பெர்லின் செய்திகள் வேறு. அங்கே நாய்க்கு வரி உண்டு, முதல் நாய்க்கு வருடத்துக்கு 120 யூரோ. ரயிலில் போனால் பாதி டிக்கெட், வாய்க்கு மூடி. "வீட்டு வரி, தண்ணி வரி தெரியும். இவனுக்குமா?" என்று அம்மா மணியைப் புது மரியாதையோடு பார்த்தாள். டீக்கடை அண்ணனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அங்க பொறை கிடைக்குமா சார்?" என்று ஒரு பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்தார்.

கடைசிக் கட்டம், மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகச் சான்றிதழ். அதைக் கையில் வாங்கிய பத்து நாளுக்குள் ஐரோப்பாவில் இறங்கிவிட வேண்டும். இரண்டு அங்குலக் கனத்துக்குக் கோப்பு வைத்திருந்தேன். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இனம் என்ற இடத்தில் டாக்டர் எழுதியிருந்தது: நான்-டிஸ்கிரிப்ட். வர்ணிக்க இயலாதது. நாட்டு நாய்க்குக் கால்நடை மருத்துவத்தில் அதுதான் பெயராம். எங்கள் குடும்பத்திலேயே அதிகக் காகிதம் வைத்திருப்பவன் அவன். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று அதில் ஒரு காகிதம்.

"வெளிய விடுங்க, சிப் படிக்கணும்" என்றார்.

கதவைத் திறந்தேன். மணி வரவில்லை. கூப்பிட்டேன், கெஞ்சினேன். சுங்குடிப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எனக்குப் பின்னால் ஒரு பொமரேனியனும் இரண்டு பூனைகளும் வரிசையில் காத்திருந்தன. வேறு வழியில்லாமல் பையிலிருந்து பொறை பாக்கெட்டை எடுத்துப் பிரித்தேன்.

பெட்டிக்குள் இடது காது விசுக்கென்று எழுந்தது. மேல்தட்டில் படவில்லை. இரண்டு விரல் இடைவெளி இருந்தது.